இருபத்துமூன்று நாள் கோடை

கடல் வற்றிக் கிடந்த ஓர் ஆனி மாதக் காலையில் அத்தான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு வேலை கொடுத்தார். நாங்கள் அமர்ந்திருந்தது கடற்கரைச் சாலையின் ஒன்பதாவது வாங்கில். நடப்பவர்கள் இளைப்பாற அங்கே மொத்தம் இருபத்தேழு வாங்குகள் உண்டு. நான்கில் ஒவ்வொரு பலகை குறைவு, அதுபற்றிக் கவுன்சிலுக்கு மூன்று கடிதங்கள் எழுதியிருக்கிறேன். தேம்ஸ் நதி கடலாகிற இடம் அது. தண்ணீர் வற்றும்போது கண்ணுக்கு எட்டிய தூரம் சேறுதான். படகுகள் அந்தச் சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருக்கும்.

அத்தான் என் அக்காவின் கணவர். லண்டனில் பஸ் ஓட்டியவர். நான் ஓர் ஆஸ்பத்திரியின் களஞ்சியத்தில் இருப்பு எண்ணும் வேலையில் இருந்தேன். கையுறை, ஊசி, கட்டுத்துணி என்று இருபத்தெட்டு வருடம் எண்ணியவனுக்கு ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடுவதில்லை. அக்கா போய்விட்டார், எனக்கும் மனைவி இல்லை. இரண்டு வீடுகளில் இரண்டு கிழவர்கள் தனித்தனியாகச் சோறு வடிப்பதில் அர்த்தமில்லை என்று ஈஸ்ட்ஹாமை விட்டு, ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் இந்தக் கடலோரத்தில் ஒரு சிறு வீடு எடுத்துக்கொண்டோம். சமையல் என் பொறுப்பு, துணி துவைப்பது அவர் பொறுப்பு. காலை ஏழரை மணி நடை இருவருக்கும் பொது.

முந்திய பனிக்காலத்தில் அவருக்கு நியூமோனியா வந்து பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு பனிக்காலத்தை இந்த நாட்டில் கழிக்க வேண்டாம், நெஞ்சு தாங்காது என்று டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மெல்பேர்னில் இருக்கும் மகள் விசா எடுத்து, அறையும் ஒழுங்குசெய்து காத்திருந்தாள். அவள் உடனே வரச் சொல்ல, இவர் கோடை முடியட்டும் என்று இழுத்தார். அதிலும் நியாயம் இருந்தது. நமக்குக் கோடையென்றால் அவர்களுக்குக் குளிர். இங்கே இலை பழுக்கும்போது அங்கே துளிர் விடும். குளிரைத் தாண்டிக் குதிக்க அதுதான் சரியான நேரம். ஆகவே இலையுதிர்காலத்தின் முதல் அடையாளம் தெரிந்தவுடன் டிக்கெட் போடுவது என்று தகப்பனும் மகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அந்த அடையாளத்தைக் கண்டு சொல்வதுதான் ஒன்பதாவது வாங்கில் எனக்குக் கிடைத்த வேலை.

"எனக்குக் கண் வடிவாத் தெரியாது, தம்பி. நீதானே எல்லாத்தையும் எண்ணுறனி. கண்டவுடன பிள்ளைக்கு நீயே சொல்லு. நீ சொன்னா அவள் நம்புவாள்."

"எல்லாத்தையும் எண்ணிறேல்லை, அத்தான்."

"ஏன் இல்லை? எண்ணுறதுக்கு ஒண்டும் கிடைக்காட்டி என்ர பல்லையும் எண்ணுவாய்."

"அது எண்ணியாச்சு. பதினொண்டு."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நான்கு இருமல்.

ஆவணி பிறந்து நாலாம் நாள் நான் அதைக் கண்டேன். சாலையிலிருந்து மேட்டுக்கு ஏறும் படிகளின் அருகே ஒரு செஸ்நட் மரம் நிற்கிறது. அதன் தாழ்ந்த கிளையில் ஏழு இலைகள் தீய்ந்த அப்பளம்போல ஓரம் சிவந்திருந்தன. அந்த மரங்களுக்கு ஒரு பூச்சி நோய் உண்டு, அதனால் இலை முன்கூட்டியே கருகும் என்று எங்கோ வாசித்திருக்கிறேன். உண்மைதான். ஆனால் அன்றைக்கே மின்கம்பியில் தகைவிலான் குருவிகள் பதினான்கு வரிசையாக இருந்தன. முந்திய நாள் ஆறுதான். வேலியோர முள்ளுப்பற்றையில் பிளாக்பெரிப் பழங்கள் கறுத்துவிட்டிருந்தன. வெயிலின் நிறம்கூட மாறியிருந்தது, அதை எண்ண முடியாது. அத்தான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று எழுதுவதற்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. எண்பதை எட்டிய மனிதர் உலகத்தின் மறுபக்கத்துக்குப் போனால் திரும்பி வரப்போவதில்லை. அவர் போன மறுநாள் நான் அரிசி அளக்கும்போது எத்தனை சுண்டு போடுவது? இருபத்தேழு வாங்குகளை யாருக்காக எண்ணுவது? இப்படி ஒவ்வொன்றாக யோசித்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன்.

பிறகு மறைக்கத் தொடங்கினேன். அதிகாலைப் பனியில் நனைந்த சிலந்தி வலைகள் வேலி முழுக்க வெள்ளையாகத் தொங்கும். நான் இரண்டடி முன்னே போய்க் குடையால் அவற்றைக் கலைத்துவிடுவேன். காலடியில் இலை சரசரத்தால் மழையில்லாத வருடம், மரம் காய்ந்துபோனது என்பேன். கடைசியில், சாலையில் இலைகள் அதிகம் விழும் பகுதியைத் தவிர்த்து மேட்டுப்பாதையால் கூட்டிப்போனேன். அது இருநூற்றுப் பன்னிரண்டு அடி கூடுதல், அதுவும் ஏற்றம். காட்சி நன்றாயிருக்கும் என்றேன். அத்தான் மறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் என்னை அழைத்தாள்.

"மாமா, அங்க இன்னும் ஒண்டும் தொடங்கேல்லையோ? என்ர போனில உங்கட இடத்துக்குப் பதின்மூண்டு டிகிரி காட்டுது."

"அது கடல்காத்து, பிள்ளை. வெயில் நல்லா இருக்கு."

"நல்லா எண்டா எவ்வளவு?"

"நல்லா."

"நீங்கள் நம்பர் சொல்லாமக் கதைக்கிறதை நான் இண்டைக்குத்தான் கேக்கிறன், மாமா" என்றாள். பிறகு அப்பாவின் இருமல் எப்படி என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

அப்படிச் சொல்லும்படி இல்லை. முன்பு ஒன்பதாவது வாங்கில் மட்டும் இளைப்பாறியவர் இப்போது மேட்டுப்பாதையை முடித்துக் கீழே இறங்கியதும் முதல் வாங்கிலேயே அமர்ந்தார்; பிறகு நாலாவதில், பிறகு ஆறாவதில். இருமலையும் எண்ணிக்கொண்டுதான் வந்தேன். நடை முடிவதற்குள் ஒன்பது, பன்னிரண்டு, பதினேழு. அந்த எண்கள் ஏறுவதைக் கண்டுகொண்டே, குருவிகளின் எண்ணிக்கையை மட்டும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தேன். களஞ்சியத்தில் யாராவது இப்படிக் கணக்கை மறைத்திருந்தால் நானே மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருப்பேன்.

ஒரு காலை மேட்டின் பாதியில் அவர் நின்றுவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். இருபதுக்குப் பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். அவருடைய முதுகில் கை வைத்தபோது சட்டைக்குள்ளே எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. மூச்சுத் திரும்பும்வரை காத்திருந்து, அவரைக் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்து வாங்கில் இருத்தினேன்.

"அத்தான், இலை பழுக்கத் தொடங்கீட்டுது. இண்டைக்குப் பிள்ளைக்குச் சொல்லப்போறன்."

அவர் மூக்கைத் துடைத்துக் கைக்குட்டையை நாலாக மடித்தார்.

"எப்ப தொடங்கினது?"

நான் குடையின் நுனியால் தரையைக் கீறினேன்.

"இருபத்துமூண்டு நாளாச்சு" என்றார் அவர். "கொடியில போட்ட, நான் இடுப்பில கட்டுற சாரம் பின்னேரம் வரைக்கும் காயாமக் கிடந்தது அண்டைக்குத்தான். கோடையில பத்து மணிக்கே காய்ஞ்சிடும்."

"நீங்களும் எண்ணினனீங்களோ?"

"உன்னோட இருந்து வேற என்னத்தைப் பழகிறது?"

"பிறகேன் அத்தான் பேசாம இருந்தனீங்கள்? ஏன் என்னோட அந்த மேடு ஏறினனீங்கள்?"

"நான் வாயைத் திறந்தா, உன்னை விட்டுட்டுப் போக அவசரப்படுற மாதிரியெல்லோ இருக்கும்? நீ சொல்லும்மட்டும் இருப்பம் எண்டு இருந்தனான்." சற்று மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா அந்தக் குடையால வலை அடிச்சுக்கொண்டு முன்னால போனாய் பார், ஆரோ சண்டைக்குப் போற மாதிரி" என்று சொல்லி மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். சிரிக்க வேண்டாம், இருமல் வரும் என்று நான் அவரை அதட்டினேன்.

அன்று மாலையே மகளுக்குச் சொன்னேன். ஒன்றையும் ஒளிக்காமல், எந்த நாள், எத்தனை இலை, எத்தனை இருமல் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எண்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஒன்பதாம் நாள் அத்தான் விமானம் ஏறினார். போகுமுன் கொடியிலிருந்த என் துணிகளையும் மடித்து வைத்துவிட்டுப் போனார்.

அங்கே அவர் நான்கு வசந்தங்கள் இருந்தார். ஒவ்வொரு வருடமும் அழைத்து, முற்றத்து மரத்தில் என்ன பூத்திருக்கிறது என்று சொல்வார். நான் இங்கே என்ன உதிர்ந்திருக்கிறது என்று சொல்வேன். இந்தப் பங்குனியில் அவர் போய்விட்டார். குளிரில் இல்லை, அங்கே இன்னும் சூடு மிச்சமிருந்த நாட்களில், மத்தியானத் தூக்கத்தில்.

இப்போது ஆவணி. நான் கீழ்ப்பாதையால் தனியாகத்தான் நடக்கிறேன். பழுத்த முதல் இலையை நேற்றுக் கண்டேன், கண்டவுடன் மகளுக்குச் செய்தியும் அனுப்பினேன். டிக்கெட் போட ஆளில்லாவிட்டாலும் அது என் வேலையாகவே இருந்துவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் எனக்குச் சரிவரவில்லை. அந்த இருபத்துமூன்று நாட்களை நான் அவரிடமிருந்து களவெடுத்தேன் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். நாள்தோறும் ஈரச் சாரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னோடு மேடேறிய மனிதரை நினைக்கும்போது, அவை களவெடுத்தவையா, தரப்பட்டவையா என்று தெரியவில்லை. எத்தனை தடவை எண்ணினாலும் இருபத்துமூன்றுதான் வருகிறது.