ஜெரால்ட் வெதர்பி மறுபடி பறந்த ஞாயிறு

லிங்கன்ஷயரில் எங்கள் விமானக் கிளப் என்பது ஒரு புல்வெளி ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, தேநீர் போட ஓர் அறை. அந்த அறையில் அமர்ந்து மற்றவர்கள் தரையிறங்குவதைக் குறை சொல்வதுதான் எங்களில் பாதிப் பேருக்கு விமானம் ஓட்டுவதென்றால்.

அதில் பல் டாக்டர் ஜெரால்ட் வெதர்பியை மிஞ்ச ஆளில்லை. விமானத்தைத் தொட்டு இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. பல்லைப் பிடுங்கவே நேரம் சரியாயிருந்ததால் பறப்பதை விட்டுவிட்டாராம். ஓய்வு பெற்ற பிறகும் பேச்சு மட்டும் தரையிறங்கவில்லை. அறுபத்துமூன்றாவது பிறந்தநாளுக்கு அவர் மனைவி மொய்ரா ஒரு மணி நேரப் பயிற்சிக்குப் பதிவு செய்து கொடுத்தாள். "ஒண்ணு பறங்க, இல்ல பேச்ச நிறுத்துங்க" என்றாளாம்.

பயிற்சியாளர் டில்லிஸ் முதலில் எடை கேட்டாள். எழுபத்தெட்டு கிலோ என்றார். அவள் எடை இயந்திரத்தைக் கொண்டுவந்து காலடியில் வைத்தாள். அது தொண்ணூற்றாறு காட்டியது. தொட்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை இறக்கிவிட்டுத்தான் ஏற முடிந்தது. சிறிய விமானத்தைத் தரையில் கால் மிதிகளால் திருப்ப வேண்டும். ஜெரால்ட் காரை ஓட்டுவதுபோல் கையால் வளைத்து வளைத்துத் திருப்ப, விமானம் நேராகக் கழிப்பறையை நோக்கிப் போனது. அவசரமாக இருக்கும் என்றோம். டில்லிஸ் ஒருவழியாக அவரை மேலே ஏற்றிவிட்டாள்.

இருபது நிமிடம் கழித்து, தேநீர் அறையின் ரேடியோவில் அவர் குரல் கேட்டது. பயத்தில் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தவரின் கட்டை விரல், ரேடியோப் பொத்தானையும் சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. டில்லிஸ் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. இவர் பேசியது மட்டும் கேட்டது.

"தெரியும், தெரியும். ஓடுபாதை அதோ நேரா இருக்கு. இறக்கிடறேன்."

ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தோம். விமானத்தைக் காணோம்.

"என்னது, பன்னியா?"

ஓடுபாதை என்று அவர் இறங்கப் போனது எங்களிடமிருந்து மூன்று மைல் தள்ளியிருந்த கிப்சனின் பன்றிப் பண்ணை வயலில். பன்றிகளைப் பார்க்க வரச் சொல்லி கிப்சன் கூப்பிட்டிருக்கிறாரா என்று டில்லிஸ் கேட்டாளாம். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் பன்றி என்ற ஒரு சொல்லே போதுமாயிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

இஞ்சின் சத்தம் கூடியது. மறுபடி மேலே ஏறுகிறார்கள். பிறகு அதே குரல், தணிந்து வந்தது.

"டில்லிஸ், எனக்கு எங்க இருக்கோம்னே தெரியல. அன்னைக்கும் இப்படித்தான். மேகத்துல மாட்டி அரை மணி நேரம் சுத்தினேன். எப்படி இறங்கினேன்னு இன்னும் தெரியாது. அதுக்கப்புறம் ஏற பயம். வேலை வேலைன்னு சொல்லிட்டேன். மொய்ராவுக்கே தெரியாது."

மொய்ரா எங்கள் நடுவில்தான் கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"தெரியுமே. அன்னைக்கு வேர்வையில ஊறின அவர் சட்டையத் துவைச்சது நான்தானே" என்றாள். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றாள்.

ரேடியோவில் அவர் குரல் சட்டென்று நின்றது. டில்லிஸ் கட்டை விரலைக் கவனித்துவிட்டாள் போலும். சற்று நேரத்தில் விமானம் தென்பட்டது. ஓடுபாதையில் ஒருமுறை எகிறி, யோசித்து, அமர்ந்தது. ஜெரால்ட் வெளிறிய முகத்தோடு உள்ளே வந்து, யாருக்காவது ரேடியோ கேட்டதா என்றார். அது காலையிலிருந்தே ரிப்பேர் என்றாள் மொய்ரா. நாங்கள் தலையாட்டினோம். எங்களால் பண்ண முடிந்த நல்ல காரியம் அவ்வளவுதான். மறுநாளே யாரோ அவர் வீட்டு வாசலில் ஒரு களிமண் பன்றிக்குட்டியை வைத்துவிட்டார்கள். நான் இல்லை.

அவர் விடவில்லை. இன்னும் பத்து மணி நேரம் டில்லிஸோடு பறந்தார். மிதிகளைக் கால் மறக்காமலிருக்கச் சாப்பாட்டு மேசைக்கடியில் பழகினாராம். இலையுதிர் காலத்தில் தேர்வு நடத்தும் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு போய், சரியான வயலில் இறங்கி, உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டார். முதல் பயணியாக மொய்ரா ஏறினாள். கடற்கரைவரை போய்த் திரும்பினார்கள். வழியெல்லாம் அவள் தூங்கினாளாம். அதைவிடப் பெரிய பாராட்டு தன் வாழ்நாளில் கிடைத்ததில்லை என்று ஜெரால்ட் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.