வாய்ப்பூட்டு போட்ட ஓட்டு

சந்தை முக்கில் சலூன் வைத்திருந்தவரை எல்லோரும் வாய்ப்பூட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். பேசாத மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். வாயைத் திறந்தால் மூடமாட்டார். யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யார் யாரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள், எந்தக் கடைக்காரர் தராசில் விரல் வைக்கிறார், எல்லாம் கத்தரிக்கோலோடு சேர்ந்து ஓடும். தேர்தல் என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் தண்ணீர் தெளிக்கும் புட்டியை எடுத்துப் பேசியவர் முகத்தில் இரண்டு தடவை பீய்ச்சுவார். பேச்சு நின்றுவிடும்.

காரணம் இல்லாமல் இல்லை. கடை இருந்த கட்டடம் ஆளுங்கட்சிப் புள்ளி ஒருவருக்குச் சொந்தம். எதிரே டயர்க் கடை வைத்திருந்தவர் எதிர்க்கட்சி. அதுவும் யாரோ எவரோ அல்ல, மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். கட்டடக்காரரோடு எழுத்தில் ஒன்றும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சுதான். அவர் காலையில் காலி பண்ணு என்றால் மாலையில் கிளம்ப வேண்டியதுதான். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, வீட்டில் மனைவியும் திருப்பிக்கொள்வாள். டயர்க் கடைக்கு வருகிறவர்கள் முடிவெட்ட வேறு தெருவுக்குப் போவார்கள்.

இதற்கு வாய்ப்பூட்டு கண்டுபிடித்த வழி ரொம்பச் சுலபம். ஓட்டே போடமாட்டார். தேர்தலுக்கு மறுநாள் கட்டடக்காரர் வந்து, "என்னப்பா, கடைசில அவனுக்குத்தானே குத்தினே?" என்று வம்புக்கு இழுப்பார். வாய்ப்பூட்டு விரலை நீட்டுவார். மை இருக்காது. அடுத்து மச்சான் வந்து, "கட்டடக்காரனுக்கு வாலாட்டிட்டீங்களா மாப்ளே?" என்பார். அதே விரல் மறுபடி நீளும். நாட்டைப் பற்றிக் கவலையே இல்லாத ஜென்மம் என்று இரண்டு பேரும் திட்டுவார்கள். ஆனால் நிம்மதியாகத் திட்டுவார்கள். தனக்குப் போடாதவன் அடுத்தவனுக்கும் போடவில்லை என்பதில் கட்சிக்காரர்களுக்கு இருக்கிற நிம்மதியே தனி.

இப்படி ஒரு மனிதர் பொய் சொல்லாமல் பிழைத்துக்கொண்டிருப்பது யார் கண்ணை உறுத்தியதோ, அந்தச் சட்டம் வந்தது. இனி எல்லோரும் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் அபராதம், கடை வைத்திருப்பவர்களுக்கு உரிமம் புதுப்பிக்கப்படாது.

அன்று சலூனில் புட்டித் தண்ணீர் தீர்ந்ததே தவிர பேச்சு நிற்கவில்லை. ஓய்வு பெற்ற தபால்காரர்தான் சட்டத்துக்காக அதிகம் வாதாடினார். "ரோடு எல்லாருக்கும் வேணும், தண்ணி எல்லாருக்கும் வேணும், வரிசையில போய் நிக்கிறதுக்கு மட்டும் கால் வலிக்குதா? பாதிப் பேர் வீட்ல படுத்துக்கிட்டா, மீதிப் பேர் எடுக்குற முடிவு எப்படிங்க எல்லாரோட முடிவாகும்?"

முறைக்குக் காத்திருந்த கட்டடக்காரர் பூரித்துப் போனார். அவர் கட்சி கொண்டுவந்த சட்டமாயிற்றே. வாய்ப்பூட்டு யோசித்துப் பார்த்தார்; தபால்காரர் சொன்னதில் ஒரு தப்பும் தெரியவில்லை. தப்பே தெரியாத பேச்சு என்றாலே அவருக்குச் சந்தேகம். நமக்கு நல்லது என்றால் நாமே போயிருப்போமே, எதற்குப் பிடரியில் கை வைத்துத் தள்ளுகிறான்?

"யாரையுமே புடிக்கலேன்னா?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுக்கும் கட்டம் இருக்கு. 'யாருக்கும் இல்லை'ன்னு சீட்டுல கடைசியா போட்டிருப்பான். அதுல குத்திட்டு வாங்க," என்றார் தபால்காரர்.

கட்டடக்காரர் கண்ணாடிக்குள் வாய்ப்பூட்டைப் பார்த்துச் சிரித்தார். "குத்துவே சரி. நீ அதுலதான் குத்தினேன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாய்ப்பூட்டு தன் விரலைப் பார்த்தார். போடாமல் இருந்ததற்கு விரல் சாட்சி சொன்னது. போட்ட பிறகு எதைக் காட்டுவது?

தேர்தல் நெருங்க நெருங்க வீட்டிலும் சோறு இறங்கவில்லை. "எங்க அண்ணனுக்குப் போட்டுத் தொலைங்களேன். என்ன, கடையா முழுகிடும்?" என்றாள் மனைவி.

"கடைதான் முழுகும்."

"சரி, யாருக்குப் போட்டாலும் எங்கிட்டயாவது சொல்லுவீங்கல்ல?"

அவளை ஏற இறங்கப் பார்த்தார். இதை அவளாகக் கேட்கிறாளா, அண்ணன் கேட்கச் சொன்னானா? கட்டிய மனைவியைச் சந்தேகப்பட வைத்துவிட்டார்களே என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. எழுந்து கையைக் கழுவப் போய்விட்டார்.

ஓட்டுச்சாவடி ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தது. விரலில் மை வைத்தார்கள். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போன வாய்ப்பூட்டு முதலில் கூரையைப் பார்த்தார், கேமரா இருக்கிறதா என்று. சீட்டைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ரகசியக் குறி ஏதும் போட்டிருக்கிறானா என்று. எதுவும் இல்லை. கடைசிக் கட்டத்தில் குத்திவிட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி.

முத்திரையை ஓங்கியபோதுதான் கோபம் வந்தது. நான் யார் வம்புக்காவது போனேனா? என் பாட்டுக்கு இருந்தவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது யார்? சட்டம் போட்டது எந்தக் கட்சி? கை நகர்ந்து எதிர்க்கட்சிக் கட்டத்தில் குத்திவிட்டது. மச்சான் மேல் பாசம் பொங்கியெல்லாம் இல்லை. மச்சான் முகம் அப்போது நினைவிலேயே இல்லை. பயம் வரும் என்று எதிர்பார்த்து நின்றார். வந்தது சந்தோஷம். என்ன கஷ்டகாலமோ, வாய் கொள்ளாத சந்தோஷம்.

வாசலில் மச்சான் காத்திருந்தார். "சொல்லுங்க மாப்ளே."

"யாருக்கும் இல்லைங்கிறதுல குத்திட்டேன் மச்சான்."

"எல்லாரும் அதையேதான் சொல்றானுங்க," என்று மச்சான் நம்பாமல் நகர்ந்தார். இத்தனை வருடம் இந்த விஷயத்தில் உண்மையை மட்டும் சொல்லிப் பழகிய நாக்கு, முதல் பொய்யிலேயே உலர்ந்து போனது.

அந்த வார்டில் ஆளுங்கட்சி தோற்றது. கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்தான். முடிவு வந்த மறுநாள் காலை கட்டடக்காரர் சவரத்துக்கு வந்தார். நாற்காலியில் சாய்ந்ததுமே தூங்கிவிடுகிற மனிதர். அன்று நுரை பூசி முடித்த பிறகும் கண்ணை மூடவில்லை. கண்ணாடியில் வாய்ப்பூட்டின் மைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கும் இல்லைன்னு விழுந்த ஓட்டை விரல் விட்டு எண்ணிடலாம். ஆனா அதுலதான் குத்தினேன்னு ஒரு தெருவே எங்கிட்ட சொல்லுது. நீ என்ன சொல்றே?"

"அதுலதாங்க சார் குத்தினேன்."

"இல்ல, இந்தக் கடையை இடிச்சுக் கட்டலாமான்னு வீட்ல கேக்குறாங்க. கடையில இருக்கிறவன் நம்ம ஆளுதான்னு தெரிஞ்சா, வேணாம்னு சொல்லிடுவேன். அதான் கேட்டேன்."

"சத்தியமா அதுலதாங்க," என்றபடி வாய்ப்பூட்டு கத்தியைத் தாடைக்குக் கீழே இறக்கினார். வெள்ளை நுரையில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. அந்த முகத்தில் அவர் கத்தி இதுவரை ஒரு கீறல்கூடப் போட்டதில்லை.

"ஐயோ, தெரியாமப் பட்டுடுச்சுங்க சார்!" என்று துண்டை வைத்து அழுத்தினார்.

கட்டடக்காரர் துண்டோடு சேர்த்து அவர் கையையும் பிடித்துக்கொண்டார். "தெரியாமத்தானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடை மிஞ்சும். வாய்ப்பூட்டு வாயைத் திறந்தார். தெரியாமல்தான் பட்டதா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.