மீட்டர் பெட்டி மேல் இருந்த குச்சி

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். அறைக்குள்ளிருந்து என் மகளின் குரல் கேட்டது. "அப்பா, கதவு தொறக்க மாட்டீங்குதுங்க."

அன்று பத்து மணிக்கு அவளுக்குப் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை. ஹால் டிக்கெட், பேனா, ஜியாமெட்ரி பெட்டி, பரீட்சை எழுத வேண்டிய பெண், எல்லாமே கதவுக்கு அந்தப் பக்கம். நான் மட்டும் இந்தப் பக்கம், கையில் காப்பி டம்ளரோடு.

இது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில், சிங்காநல்லூரில் நாங்கள் கட்டிய சிறிய வீட்டில். பொங்கலுக்கு முன்பே பெயிண்ட் அடித்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் எந்த வேலைக்காரரும் வரமாட்டேன் என்று சொல்ல மாட்டார். "வாரேனுங்க" என்பார். அந்த வாரேனுங்கவுக்கு நாளும் கிழமையும் கிடையாது. பொங்கலுக்கு வருவதாகச் சொன்ன பெயிண்டர் மார்ச் மாதம் வந்தார், தன் மனைவியையும் அழைத்துக்கொண்டு. உப்புத்தாள் தேய்ப்பதும் சுவர்க் குழிகளை அடைக்கும் பட்டியைப் பூசுவதும் அந்த அம்மாள் வேலை. பிரஷ் பிடிப்பது அவர் வேலை. சுவர்கள் முடிந்துவிட்டன. கதவுகளை மட்டும் பரீட்சைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று மனைவி சொன்னாள். வீடு அரைகுறையாகக் கிடந்தால் பிள்ளையின் மனமும் அரைகுறையாகிவிடும் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். இப்படிப்பட்ட பயங்கள் எனக்கு எங்கிருந்துதான் வருமோ தெரியாது.

எனாமல் அடிப்பதற்கு முன்பு கைப்பிடி, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றி, ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போடுவது அவர்கள் வழக்கம். முந்தின நாள் மாலை, மகளின் அறைக் கதவுக்கும் நிலைக்கும் இரண்டாவது பூச்சு முடிந்ததும், பெயிண்டர் தன் கலக்கும் குச்சியைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே கொடுத்தார். முழ நீளக் குச்சி. அது பார்த்த வீடுகளின் நிறமெல்லாம் அதன் மேல் பூச்சுப் பூச்சாக ஏறி, ஒரு கட்டை விரல் கனம் இருக்கும்.

"சாருங்க, இந்தக் குச்சிய மட்டும் எடுத்துப்போடாதீங்க. காலைல நான் வந்து எடுத்துக்கறேன்" என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று முறை சொன்னதை நான் மூன்று முறையும் கேட்டேன். ஆனால் சிங்காநல்லூர்க் குளத்துக் கொசு என்று ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டு டி.வி. என்று ஒன்று இருக்கிறது. சாப்பிட்ட பிறகு பார்த்தேன், மகள் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். குச்சியைச் சத்தமில்லாமல் எடுத்துக் கூடத்து மீட்டர் பெட்டியின் மேல் வைத்தேன். கதவு முழுதாகப் பொருந்தவில்லை, பெயிண்டின் கனம் தடுத்தது. அதனால் செய்தித்தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நன்றாக அழுத்திச் சாத்தினேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு போய்ப் படுத்தேன்.

காலையில் என் மனைவி கதவைப் பார்த்ததும், "இந்தப் பெயிண்டரு கதவ ஒட்டவெச்சுப்போட்டுப் போயிட்டாரேங்க!" என்றாள்.

"ஆமா" என்றேன். ஒரே ஒரு சொல்தான். அதை அன்றைக்கு முழுக்கத் திரும்ப எடுக்க முடியவில்லை.

அந்தக் கதவு கூடத்துப் பக்கமாகத் திறப்பது. இந்தப் பக்கமிருந்து இழுக்க வேண்டும், இழுப்பதற்குக் கைப்பிடி இல்லை. பழைய பூட்டைக் கழற்றிய இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை இருந்தது. அதில் மகளின் கண் தெரிந்தது.

"நான் தோளக் குடுத்துத் தள்ளறேங்கப்பா."

"வேண்டாங் கண்ணு! வலது தோளு! எழுதற கை!"

"அப்ப எடது தோளால தள்ளட்டுங்களா?"

"எடது கைலதான பேப்பரப் புடிச்சுக்கோணும்?"

கண் ஓட்டையிலிருந்து விலகியது. உள்ளே சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுக்களையிலிருந்து காய் அரியும் கத்தியைக் கொண்டுவந்து இடுக்கில் சொருகினேன். முனை ஒடிந்தது. மனைவி ஒடிந்த கத்தியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் பின்புறம் ஜன்னல் கம்பி வழியாக மகளுக்கு ஒரு சொம்புத் தண்ணீரும் பல்பொடியும் கொடுக்கப் போனாள். பின்னாலேயே இட்லியும் போனது. குளிக்காமல் எப்படிப் பரீட்சைக்குப் போவது என்பது அவள் கவலை. போகவே முடியுமா என்பது என் கவலை. எட்டே முக்காலுக்காவது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

ஏழரைக்கு மொபெட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பெயிண்டரும் மனைவியும் தினமும் வேலைக்குப் போகும் வழியில் அங்கே ஒரு பேக்கரியில் நின்று டீ குடிப்பார்கள் என்று தெரியும். நின்றுகொண்டிருந்தார்கள். அவர் தேங்காய் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"கதவச் சாத்துனது யாருங்க?"

"காத்துல சாத்தியிருக்கும்."

"காத்துங்களா?" பன்னை வாயில் போட்டு மென்றார். "நம்ம குச்சி இருந்துச்சேங்க. காத்து வந்து குச்சிய எடுத்து வெச்சுப்போட்டா சாத்துச்சு?"

"நேரமாகுதுங்க" என்றேன்.

அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "புள்ளைக்குப் பரிச்சைங்கறாரு, நீங்க காத்தோட சாதிச் சான்றிதழக் கேட்டுட்டு இருக்கறீங்களே! வாங்க போலாம்" என்று அவர் கையிலிருந்த பாதி பன்னைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அவர் சைக்கிளை மிதிக்க, அந்த அம்மாள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். உரச் சாக்கில் தைத்த சாமான் பை ஹேண்டில்பாரில் ஆடியது. நான் முன்னால் மொபெட்டில் போய்ப்போய் நின்று திரும்பிப் பார்த்தேன். "நீங்க ரோட்டப் பாத்துப் போங்க சாரு, நாங்க ஓடிப்போக மாட்டோம்" என்று அவள் பின்னாலிருந்து கத்தினாள்.

கூடத்தில் செய்தித்தாளை விரித்து அந்தப் பையைக் கவிழ்த்தார்கள். பத்து நாளாகப் பகலெல்லாம் அது என் வீட்டு வாசலில் கிடந்திருக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். முடி தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்த நாலு இஞ்ச் பிரஷ். ஜன்னல் கம்பிக்கென்று முடியைக் கத்தரித்துக் குட்டையாக்கிய பிரஷ். மூலைமுடுக்குக்குப் பழைய பல் பிரஷ். மூன்று பட்டித் தகடுகள். கம்பி பிரஷ். ஏணியில் டப்பாவைத் தொங்கவிடும், இரு முனையும் வளைந்த இரும்புக் கொக்கி. மடித்து மடித்துத் தேய்த்ததில் துணிபோல் மெத்தென்று ஆகிவிட்ட உப்புத்தாள். கை துடைக்க ஒரு பந்து பனியன் வேஸ்ட், திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வருமே, அந்தக் கழிவுத் துணி. அதில் ஒரு குழந்தைச் சட்டையின் கை மட்டும் தனியாகக் கிடந்தது.

பெயிண்டர் பட்டித் தகடுகளை ஒவ்வொன்றாக இடுக்கில் வைத்துப் பார்த்தார். மூன்றும் நுழையவில்லை. மணி எட்டு ஐந்து.

"தள்ளுங்க" என்றாள் அந்த அம்மாள். தன் இடுப்பில் சொருகியிருந்த துணியை அவிழ்த்து ஒரு தகட்டை எடுத்தாள். இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடு ஒன்றின் பல்லைக் கல்லில் தேய்த்து எடுத்தது, வெற்றிலை கனம்தான் இருக்கும். பிடிக்கும் இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது.

"இத எதுக்கு ஒளிச்சு வெச்சிருக்கறே?" என்றார் அவர்.

"உங்ககிட்டக் குடுத்தா டப்பா மூடியத் தொறந்து ஒடிச்சுப்போடுவீங்க. அதுக்குத்தான்."

கீழே குனியாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி மேல் மூலையில் ஆரம்பித்தாள். பெயிண்ட் வழிந்து கீழேதான் கனமாக நிற்கும், மேலே மெல்லிசாக இருக்கும் என்று எனக்கு விளக்கிச் சொன்னார் கணவர், தானே கண்டுபிடித்ததுபோல. தகடு நுழைந்தது. தகட்டின் முதுகில் பிரஷ் கட்டையால் டொக் டொக் என்று தட்டினாள். அது விரற்கடை விரற்கடையாக இறங்கியது. இறங்கிய இடத்தில் அவர் டர்பன்டைன் நனைத்த பனியன் வேஸ்ட்டை நூல்போல் திரித்துத் திணித்துக்கொண்டே வந்தார். அவள் கையை நீட்டினால் அவர் வேண்டியதைக் கொடுத்தார்.

உள்ளே மகள் சூத்திரங்களை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க சாரு, மந்திரம் சொல்லுதா பாப்பா? அதுக்குத்தான் கதவு எளகுது" என்றாள் அந்த அம்மாள்.

மூன்று பக்கமும் தகடு சுற்றி வந்தபோது மணி எட்டரை. பெயிண்டர் இரும்புக் கொக்கியைப் பூட்டு ஓட்டைக்குள் மாட்டி, ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். கதவு முனகியது, வரவில்லை.

"நான் தள்ளட்டுங்களா?" என்றாள் மகள்.

"வேண்டாம், வலது..." என்று நான் ஆரம்பித்தேன்.

"தள்ளு கண்ணு! உங்கப்பா பேச்சக் கேட்டா சாயங்காலந்தான் பரிச்சை எழுதோணும்!" என்று அந்த அம்மாள் கத்தினாள்.

சர்ரென்று புதுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். கதவு திறந்தது. பெயிண்டர் கொக்கியோடு மல்லாக்க விழுந்தார், என் மேல். நான் என் மனைவி கையிலிருந்த சட்னிக் கிண்ணத்தின் மேல். நிலையில் புதுப் பெயிண்டின் கீழே முன்பு அடித்த பச்சை ஒரு கோடாகத் தெரிந்தது. மகள் கையைக் கட்டிக்கொண்டு, பாவாடை தாவணி எதிலும் படாமல், பூனைபோல் பக்கவாட்டில் வெளியே வந்தாள். இருந்தும் முழங்கையில் ஒரு தீற்று பட்டுவிட்டது. அந்த அம்மாள் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்பும் போட்டுவிட்டாள். அன்றைக்குப் பரீட்சை ஹாலில் என் மகளைச் சுற்றி ஒரு கொசுகூட வந்திருக்காது.

மறுபடி சாத்திக்கொள்ளாமல் இருக்கக் குச்சியைத் தேடினார் பெயிண்டர். தேடியவரின் பார்வை மீட்டர் பெட்டிக்குப் போனது. எட்டி எடுத்தார். என்னைப் பார்த்தார். "குச்சிக்குக் காலு மொளச்சு மேல ஏறிக்கிச்சாட்ட இருக்குதுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவிடுக்கில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து மனைவி, "இனிமேலாச்சும் பாத்து வேல செய்யுங்க, நல்ல நாளும் அதுவுமா" என்று அவரைக் கடிந்தாள். "சரிங்கம்மா" என்றார். நான் மொபெட் சாவியைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஒன்பது இருபதுக்குப் பள்ளிக்கூட வாசல். "நீங்க போங்கப்பா. இங்க நின்னீங்கன்னா எனக்கு எழுத வராது" என்று மகள் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பினேன். அலுவலகத்துக்கு லீவு சொல்லியாயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற என்னிடம் அந்த அம்மாள் ஒரு துண்டு உப்புத்தாளைக் கொடுத்தாள். "சும்மா நிக்காதீங்க சாரு, பிஞ்ச எடத்தத் தேயுங்க. அழுத்தாதீங்க. அழுத்தறதுதான் உங்களுக்கு வேலையாட்டிருக்குது." அவளுக்கும் தெரிந்திருந்தது. தேய்த்தேன். கரகரவென்றிருந்த விளிம்பு கொஞ்ச நேரத்தில் விரலுக்கு வழுவழுப்பாக வந்தது. பெயிண்டர் ஒரு இஞ்ச் பிரஷைக் கொடுத்து நானே அந்த இடத்தைப் பூசவும் விட்டார். பூசிவிட்டுப் பத்து முறை தள்ளி நின்று பார்த்தேன். பிறகு அவர்கள் இருவரும், நானும், மனைவியும் கூடத்துத் தரையில் உட்கார்ந்து மீந்த இட்லியைச் சட்னி இல்லாமல் சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான இட்லியை நான் அதற்குமுன் சாப்பிட்டதில்லை. மனைவியிடம் உண்மையைச் சொல்ல இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் இட்லி கேட்டேன்.

இன்றுவரை அந்தக் கதவை நான் சாத்துவதில்லை. எனாமல் வாசனை வந்தால் முதலில் கடிகாரத்தைத்தான் பார்க்கிறேன்.

அன்று இரண்டு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். மகள் வந்தாள். கூடத்தில் நாங்கள் நாலு பேரும் எழுந்து நின்றோம்.

"எல்லாக் கேள்வியும் எழுதிட்டேன்" என்றாள். அந்த அம்மாள் கையைத் தட்டினாள்.

மகள் கதவிடுக்கில் இருந்த குச்சியைப் பார்த்தாள், பெயிண்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏனுங்கப்பா, ராத்திரி பேப்பர வெச்சு அழுத்திக் கதவ நீங்கதான் சாத்துனீங்கன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா, இல்ல நானே சொல்லிப்போடட்டுங்களா?"