ஒரே சாலுக்கு இரண்டு குதிரைகள்

சவேத்தா அத்தைக்கு மெதுவாகப் பேச வராது. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு மரவேலியும் ஆறு பிளம் மரங்களும் இருக்கின்றன. அப்படியும் விடியற்காலையில் அவர் லாயத்தில் குதிரைகளிடம் பேசுவது எங்கள் அடுப்படி வரை கேட்கும்.

"எழுந்திரிங்கடா சோம்பேறிகளா! மலைக்கு அந்தப் பக்கம் சூரியன் வந்து ஒரு நாழியாச்சு!"

அவருக்கு நாற்பத்தேழு வயது. மலைச்சரிவில் ஆறு துண்டுகளாகக் கிடக்கும் பத்து ஏக்கர் நிலத்தை இரண்டு குதிரைகளை வைத்துத் தனியாகவே பார்த்துக்கொள்கிறார். உழுவது, எரு கொண்டுபோவது, காட்டிலிருந்து மரம் இழுப்பது, பனிக்காலத்தில் சறுக்குவண்டியில் பாதி ஊரைத் தேவாலயத்துக்கு ஏற்றிப்போவது, எல்லாம் குதிரைகளோடுதான்.

ஒருமுறை அவரும் எங்கள் ஊர்க்காரர்களைப் போல இத்தாலிக்குப் போனார். அங்கே ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எட்டாவது மாதமே திரும்பி வந்துவிட்டார். நான் பள்ளி முடித்து ஒன்பது மாதமாகிறது. என்னையும் அங்கே அனுப்புவதாக வீட்டில் பேச்சு நடப்பதால், ஏன் திரும்பி வந்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"அங்க அடுக்குமாடி வீடும்மா. நான் வாயைத் தொறந்தா கீழ்வீட்டுக்காரி துடைப்பக்கட்டையால கூரையத் தட்டுறா. இங்க நான் கத்துனா ஒன்றரை டன் குதிரை நகருது. எது மரியாதை, நீயே சொல்லு!"

அவருடைய கணவர் கவ்ரில் பன்னிரண்டு வருடமாக இத்தாலியில் கூரை போடும் வேலையில் இருக்கிறார். ஈஸ்டருக்கும் ஆகஸ்டுக்கும் வருவார். நல்ல மனிதர். வந்தால் கதவு, ஏணி, கோழிக்கூண்டு என்று எதையாவது சரிசெய்துகொண்டே இருப்பார். இந்த வருடம் அவர் சரிசெய்ய நினைத்தது குதிரைகளை.

ஜனவரியில் ரொய்பு என்ற கிழட்டுக் குதிரை செத்துப்போனது. அதன் ஜோடியான லீசா மட்டும் மிஞ்சியது. அது அத்தையின் லாயத்திலேயே பிறந்த பெட்டை. நெற்றியிலிருந்து மூக்கு வரை வெள்ளைப் பட்டை, வயது பதினைந்து. ஒற்றைக் குதிரையை வைத்துக்கொண்டு எங்கள் களிமண்ணை உழ முடியாது. அதனால் மார்ச் மாதம் அத்தை இரண்டு பள்ளத்தாக்கு தள்ளிப் போய், சூரு என்ற சாம்பல்நிறக் குதிரையை வாங்கி வந்தார். மார்பு பீப்பாய் மாதிரி இருந்தது, குணம் கன்றுக்குட்டி மாதிரி. வண்டியில் பூட்டினால் பிரமாதமாக இழுத்தது. கலப்பையில் பூட்டியதும்தான் தொல்லை ஆரம்பித்தது.

கலப்பை உழும்போது வலப்பக்கக் குதிரை, முன்பு உழுத சாலுக்குள், கலப்பை கீறிய அந்த நீளப் பள்ளத்துக்குள், இறங்கி நடக்கும். இடப்பக்கக் குதிரை உழாத தரையில் நடக்கும். எங்கள் ஊரில் வீட்டிலேயே பிறந்த குதிரைக்குத்தான் சால். செத்த குதிரையின் இடத்தில்தான் புதுக்குதிரை நிற்க வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, எல்லோரும் அப்படித்தான் பூட்டுவார்கள். லீசா வலப்பக்கம் சாலுக்குள் போனது. சூரு ரொய்புவின் இடத்தில், இடப்பக்கம் நின்றது.

பத்தடிகூடப் போகவில்லை, சூரு வலப்பக்கமாகச் சாய்ந்து லீசாவைத் தள்ளிக்கொண்டு சாலுக்குள் இறங்கியது. லீசா அதன் கழுத்தைக் கடித்தது. கலப்பை துள்ளி வெளியே வந்தது. மறுபடி பூட்டினாலும் அதே கதை. அன்று மாலை நிலத்தைப் பார்த்தால் பாம்பு ஒன்று புரண்டு படுத்த மாதிரி இருந்தது.

எதிர்வீட்டு சிமியோன் வேலியில் சாய்ந்துகொண்டு கத்தினார். "ஏ சவேத்தா! பிளம் சாராயம் குடிச்சது நீயா, கலப்பையா?"

"உங்க மூக்கைக் குறி வெச்சு உழுதேண்ணே! அதான் கோணிப்போச்சு!"

ஈஸ்டருக்கு வந்த கவ்ரில் அந்தச் சாலைப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சோளக்களியும் பாலாடைக்கட்டியும் வைத்திருந்த மேசையில் பேச்சை எடுத்திருக்கிறார். என்ன பேசினார்கள் என்று எங்கள் வீட்டில் அப்படியே கேட்டது.

"இந்த வயசுல ஏர் பிடிச்சு இடுப்பை ஒடிச்சுக்கணுமா? சின்ன டிராக்டர் வாங்கித் தரேங்கிறேன். விஷம் வாங்கித் தரேன்னு சொன்ன மாதிரி மூஞ்சியத் திருப்புறியே!"

"மேல்புல்வெளிச் சரிவுல உன் டிராக்டர் நிக்குமாய்யா? தலைகீழா உருண்டு சிமியோன் வீட்டுக் கிணத்துலதான் நிக்கும்!"

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஏப்ரல் கடைசியில் வரும் புனித ஜார்ஜ் திருநாளுக்கு முன், வீட்டை ஒட்டிய உருளைக்கிழங்கு நிலத்தை நேராக உழுது முடித்துவிட்டால் கவ்ரில் குதிரைப் பேச்சையே எடுக்கக் கூடாது. முடியாவிட்டால் திருநாளுக்கு மறுநாள் தரகர் வருவார். தரகர் ஓட்டிப்போகும் பதினைந்து வயதுக் குதிரைகள் எங்கே போகின்றன என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அத்தை முயற்சி செய்யாதது ஒன்றும் பாக்கியில்லை. கண் படாமலிருக்க சூருவின் நெற்றியில் ஒரு பெரிய சிவப்புக் குஞ்சம் கட்டினார். என் அம்மா நெருப்புத் துண்டுகளைத் தண்ணீரில் போட்டுக் கண்ணேறு கழித்தாள். சூரு அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்து வாளியையும் நக்கியது. அடுத்த நாளும் சாலுக்குள்தான் இறங்கியது.

திருநாளுக்கு முந்தின நாள் வந்துவிட்டது. பாதி நிலம்கூட முடியவில்லை. காலையில் அத்தை பாலாடைக்கட்டிக்காக அடுப்பில் பால் வைத்திருந்தார். திரியும்வரை நகர முடியாது. கவ்ரிலுக்குப் பொறுமை இல்லை. அவரே குதிரைகளை நிலத்துக்கு ஓட்டிப்போனார். தன் கையாலேயே ஒரு சுற்று கோணலாக உழுது காட்டிவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார்.

நான் வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் குதிரைகளுக்கு எதிரே, முகத்தைப் பார்த்தபடி நின்று பூட்டினார். அப்படி நின்றால் நம் வலது அவற்றுக்கு இடது. பன்னிரண்டு வருடம் கூரைமேல் நின்றவருக்கு அது மறந்துபோயிருந்தது. லீசா இடப்பக்கம் தரையிலும், சூரு வலப்பக்கம் சாலுக்குள்ளும் நின்றன.

"ஹீ!" என்றார் கவ்ரில்.

சூரு தலையைத் தாழ்த்திக்கொண்டு, தண்டவாளத்தில் போவது மாதிரி சாலுக்குள் நடந்தது. அதற்கு வலப்பக்கத்து வேலைதான் பழக்கம் போலிருக்கிறது. பழைய வீட்டில் என்ன செய்தது என்று நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. லீசாவோ காய்ந்த தரையில் வசதியாக நடந்து, போகிற போக்கில் ஒரு வாய் புல்லையும் கடித்துக்கொண்டது. கோடு கிழித்த மாதிரி கடைசி வரை போனார்கள், திரும்பியும் வந்தார்கள்.

கையில் கரண்டியோடு அத்தை ஓடி வந்தார். "யோவ்! குதிரைய மாத்தி..."

அவர் கண் சாலின் மேல் விழுந்தது. பிறகு சூருவின் மேல். பிறகு லீசாவின் வாயில் தொங்கிய புல்லின் மேல். அத்தை வாயைத் திறந்து ஒரு சொல்கூட வராமல் மூடியதை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

"என்ன மாத்தி?" என்றார் கவ்ரில்.

"பேச்சை மாத்தாதன்னு சொல்ல வந்தேன். நேரா உழுதா குதிரை இங்கதான். நீதான் சொன்ன."

கவ்ரில் சாலைத் திரும்பிப் பார்த்தார். அவர் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது. "கைப்பிடியில ஒரு நேக்கு இருக்குடி. ரொம்ப அழுத்தக் கூடாது."

"அப்படியா! சரி, நீ பூட்டினபடியே இருக்கட்டும். விடு, நான் பிடிக்கிறேன்."

அன்று பகல் முழுக்க உழுதார். குதிரைகளுக்குப் புது இடம் பழக மூன்று சுற்றுகூட ஆகவில்லை. அத்தைக்குத்தான் பழகவே இல்லை. சூருவைப் பார்த்து "லீசா!" என்று கத்துவார், இடப்பக்கத்திலிருந்து லீசா திரும்பிப் பார்க்கும். மாலை ஆராதனை மணி அடித்தபோது கடைசிச் சால் முடிந்தது. கவ்ரில் நிலத்தின் ஓரமாக முழு நீளமும் நடந்து பார்த்தார். அங்கேயே நின்று தரகருக்குப் போன் போட்டார்.

"வர வேண்டாங்க. குதிரை விக்கல. ஆமா, நேராதான் உழுதிருக்கு. நேக்கு தெரியணுங்க, அவ்வளவுதான்."

திருநாளன்று தேவாலய வாசலில் அந்த நேக்கைப் பற்றிக் கவ்ரில் ஏழு பேருக்கு விளக்கினார். அத்தை பக்கத்தில் நின்று, கும்பிட வந்தவர் மாதிரி பவ்வியமாகத் தலையாட்டினார். என்னால் பொறுக்க முடியவில்லை. திரும்பி வரும்போது வேலியருகே நிறுத்திக் கேட்டேன்.

"உண்மையச் சொல்லிட வேண்டியதுதானே அத்தை?"

அவர் சுற்றிலும் பார்த்தார். கவ்ரில் வீட்டுக்குள் ரேடியோவோடு பாடிக்கொண்டிருந்தார். அத்தை என் காதருகே குனிந்து, தன்னால் முடிந்தவரை மெதுவாகச் சொன்னார்.

"பெருமைய அவர் வெச்சுக்கட்டும்டி. குதிரை ரெண்டும் எனக்கு."

தெருவுக்கு அந்தப் பக்கம், தன் வீட்டுக்குள்ளிருந்து சிமியோன் சிரிக்கும் சத்தம் கேட்டது.