இப்படிக்கு, தங்களுக்கு ஓட்டு போட்டவன்

ஸ்டீபன் அண்ணா போயிட்டார். நேத்து காலைல, ஊரப்பாக்கத்துல அவர் வாட்ச்மேனா இருந்த அபார்ட்மென்ட் கேட் பக்கத்துல, சேர்ல உக்காந்தபடியே... ஹார்ட் அட்டாக்.

அஸ்தினாபுரத்துல பத்து வருஷத்துக்கு மேல ஜெராக்ஸ் கடை வெச்சிருந்தாரே, அவர்தான். ஆதார் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங், பசங்க ஸ்கூல் ப்ராஜெக்ட்னு எங்க ஏரியால எல்லாரும் அங்கதான் போய் நிப்போம்.

எங்க அசோசியேஷன் வாட்ஸ்அப் க்ரூப்ல காலைலேர்ந்து கைகூப்பற எமோஜியா வந்து விழுது. "நல்ல மனுஷன்", "சிரிச்ச முகம்"னு எழுதறாங்க. அந்த அசோசியேஷனுக்கு செக்ரட்டரி நான்.

எலெக்‌ஷன் வந்தா அண்ணாவுக்கு ஒரு பழக்கம். பூத் ஸ்லிப் வராதவங்க வோட்டர் ஐடி நம்பரை அனுப்பினா போதும்... பிரிண்ட் எடுத்து, குடும்பம் குடும்பமா பின் அடிச்சு, கவர் மேல பேர் எழுதி வெச்சிருவார். ஓட்டுப் போடற அன்னைக்கு ஆறு மணிக்கே கடை திறந்திருக்கும். காசு வாங்கவே மாட்டார்.

போன எம்.பி. எலெக்‌ஷனுக்கு என் நம்பரும் வொய்ஃப் நம்பரும் அனுப்பினேன். காலைல வந்து வாங்கிக்கறேன்னு மெசேஜும் போட்டேன்.

போகல.

லீவு, வெயில், பசங்க நச்சரிப்பு... காரை எடுத்துட்டு கோவளம் போயிட்டோம். கடல்ல கால் நனைச்சு, படகுக்காரங்ககிட்ட வஞ்சிரம் வாங்கிட்டு சாயந்திரம்தான் வந்தோம். பிரதமரைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை தப்பா பேசினா மல்லுக்கு நிக்கற ஆள் நான். அவருக்கு ஓட்டுப் போட மட்டும் எனக்கு நேரமில்ல.

மறுநாள் ஒரு ஜெராக்ஸுக்காக கடைக்குப் போனேன். நினைப்பில்லாம இடது கையை கவுன்டர் மேல வெச்சுட்டேன். விரல்ல மை இல்ல.

அண்ணா பார்த்தார். எத்தனை காப்பின்னு மட்டும் கேட்டார். ஸ்லிப் பேச்சையே எடுக்கல. நானும் எடுக்கல.

அப்புறம் கொஞ்ச மாசம் கழிச்சு கடைக் கண்ணாடில ஒரு ஏ4 ஷீட் ஒட்டினார். பெரிய எழுத்துல, மரியாதையா. "பிரதமர் அய்யா அவர்களுக்கு வணக்கம். என் பொண்ணு டிகிரி முடிச்சு வீட்டுல இருக்கு. வேலை எப்போ வரும்? இப்படிக்கு, தங்களுக்கு ஓட்டு போட்டவன்."

திங்கக்கிழமை ஆனா பழசைக் கிழிச்சுட்டு புதுசு ஒட்டுவார். ஒரு வாரம் சிலிண்டர் விலை. அடுத்த வாரம், "போன வாரம் கேட்டதற்குப் பதில் வரவில்லை, ஞாபகப்படுத்துகிறேன்". ஜனங்க நின்னு படிச்சு சிரிச்சுட்டுப் போவாங்க.

எனக்குப் பத்திக்கிச்சு. ஒருநாள் கடை வாசல்லயே வெச்சு கேட்டுட்டேன். நாட்டோட தலைவரை இப்படி ரோட்டுல நிக்க வெச்சு கேக்கலாமா, வெளில இருக்கறவன் நம்மளைப் பார்த்து சிரிக்க மாட்டானா, ஒருத்தரைப் பதவில உக்கார வெச்சா அவர் பக்கம் நிக்கணும் அண்ணான்னு பெரிய லெக்சர். நாலு பேர் கூடிட்டாங்க.

அண்ணா குரலை உசத்தல.

"சார், நான் அவுருக்கு ஓட்டு போட்டவன். நான் கேக்காம வேற யார் சார் கேப்பாங்க?"

பதில் இல்லன்னாதானே கத்துவோம்...

"அப்ப நாங்கல்லாம் போடலயா?"

அண்ணா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை போதும் அவருக்கு. அந்த நாலு பேர் முன்னால என் மானம் கப்பல் ஏறியிருக்கும்.

குனிஞ்சு மெஷின்ல பேப்பர் வெக்க ஆரம்பிச்சுட்டார்.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? வீட்டுக்கு வந்து, அந்த ஷீட்டை எடுத்த போட்டோவை க்ரூப்ல போட்டேன். நாட்டை மதிக்காதவர் கடைக்கு நாம ஏன் போகணும்னு கீழ எழுதினேன். சரசரன்னு தம்ஸ்-அப் விழுந்துச்சு. இன்னைக்கு கைகூப்பறவங்கள்ல பாதிப் பேர் அன்னைக்கு தம்ஸ்-அப் போட்டவங்கதான்.

யாரும் அவர்கிட்ட சண்டை போடல. சும்மா... போறதை நிறுத்திட்டாங்க. அந்த வருஷமே கடையைக் காலி பண்ணிட்டார்.

அப்புறம் ஒரு தடவை தாம்பரம் ஸ்டேஷன்ல பார்த்தேன். செக்யூரிட்டி யூனிஃபார்ம், கைல டிபன் பை. அவர்தான் முதல்ல பேசினார். "சார், நல்லாக்கீறீங்களா? வூட்ல எல்லாம் சவுக்கியமா?" நான் போனைக் காதுல வெச்சுட்டு பேசற மாதிரி நகர்ந்துட்டேன். போன்ல யாரும் இல்ல.

நேத்து சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்துல ஐஸ் பெட்டி. சர்ச்லேர்ந்து வந்தவங்க ஜெபம் பண்ணிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் யாராவது வெளிய போன்னு சொல்லுவாங்கன்னு நினைச்சேன். சொல்லியிருக்கலாம்.

கிளம்பும்போது அவர் சம்சாரம் உள்ள போய் ஒரு கவர் எடுத்துட்டு வந்தாங்க. மேல அவர் கையெழுத்துல என் பேர், என் வொய்ஃப் பேர்.

"கடையைக் காலி பண்றப்போ எல்லாப் பேப்பரையும் எடைக்குப் போட்டுட்டோம் சார். இத மட்டும் போட வேணாம்னுட்டார். சார் வந்து வாங்கிப்பாருன்னார்."

பின் துருப்பிடிச்சு கவர்ல பழுப்பா இறங்கியிருக்கு. இன்னும் பிரிக்கல. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்.

நாளைக்கு காலைல சர்ச்சுல அடக்க ஆராதனை. வர்றவங்க வாங்க.

போயிட்டு வாங்கண்ணா. அன்னைக்கு நான் ஓட்டு போடல.