ஏசி வேணுமா, ஆரன் வேணுமா

அருப்புக்கோட்டையில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடித்து நரிக்குடிக்குத் திரும்பும்போது கார் ஏசி ஆன் ஆகவில்லை. வேர்வை கண்ணில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டீக்கடையோரம் நிறுத்தி, பானட்டைத் திறந்துவைத்து விழித்துக்கொண்டிருந்தேன்.

பின்னாலேயே வந்து நின்ற லாரியிலிருந்து டிரைவர் இறங்கினார். சற்றுமுன் விடாமல் ஆரன் அடித்து நான் முந்திய அதே லாரி. ஒல்லி உடம்பு, காதில் செருகிய பீடி. பின்சீட்டில் கண்ணில் கட்டோடு சாய்ந்திருந்த அம்மாவை ஒரு பார்வை பார்த்தவர், எதுவும் கேட்காமல் பியூஸ் பெட்டியைத் திறந்தார். கழற்றிய ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து, சட்டையில் துடைத்துச் செருகினார். கடைசியில் ஒரே மாதிரி இரண்டு ரிலே சுவிட்சுகளைக் காட்டினார்.

"இது ஏசிக்கு, செத்துப்போச்சு. இது ஆரனுக்கு. மாத்திப் போட்டா ஏசி ஓடும், ஆரன் அடிக்காது. எது வேணும்?"

"ஆடு மாடு குறுக்க வருமேண்ணே."

"ஆத்தாவுக்குக் கண்ணு முக்கியம்ல. மெதுவாப் போங்க."

துடைத்து மாற்றிப் போட்டார். ஏசி குளிர்ந்தது.

திருச்சுழி தாண்டி ஆட்டுமந்தை ஒன்று சாலையை அடைத்தது. கடைசிக் குட்டி கடக்கும்வரை சும்மா நின்றேன். வழியெல்லாம் அப்படித்தான் ஊர்ந்தோம். அம்மா அசங்காமல் தூங்கினார்.

வீட்டு வாசலில் பழக்கத்தில் ஆரனை அமுக்கிவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

இரண்டு ரிலேயும் நல்லதுதான். துடைத்துச் செருகியதிலேயே சரியாகியிருக்கிறது. அது தெரியாமல் சொன்னாரா, தெரிந்தேதான் சொன்னாரா? இன்றும் ஏதாவது லாரிக்குப் பின்னால் ஆரனுக்குப் போகும் கை, பாதியில் நின்றுவிடுகிறது.