இருநூறு மைலும் தவசியின் வலது காலும்

பரவைச் சந்தையிலிருந்து மதுரை சிம்மக்கல் மொத்தக் கடைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று நடை சைக்கிளில் காய்கறிச் சுமை அடிப்பவன் தவசி. பின்னால் கத்தரிக்காய் மூட்டை, கைப்பிடியின் இரு பக்கமும் கீரைக்கட்டு. அந்தப் பாரத்தோடு, வெறும் வண்டியில் போகிற டவுன்காரர்களை மணியடித்து முந்திவிட்டுப் போவான். ஆளைப் பார்த்தால் நோஞ்சான். தொடை மட்டும் உலக்கை.

1936ஆம் வருஷம், சிம்மக்கல்லில் சைக்கிள் கடை வைத்திருந்த பேச்சிமுத்து ஒரு பந்தயம் அறிவித்தார். மதுரையில் புறப்பட்டு, திண்டுக்கல் வழியாகத் திருச்சி போய், அதே வழியில் திரும்ப வேண்டும். போக நூறு மைல், வர நூறு மைல். இடையில் படுக்கக் கூடாது. ஜெயித்தவனுக்குப் புதுச் சைக்கிள். எல்லாம் ஊர் நன்மைக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தார். கடை விளம்பரத்துக்கு என்று எவன் போடுவான்?

வெற்றிலைச் சாறு கடைவாயில் வழிய அவர் தவசியைக் கூப்பிட்டார். “என் கடை வண்டிய நீ ஓட்டு. செயிச்சா வண்டி ஒனக்கு, பேரு எனக்கு.”

தவசி உடனே தலையாட்டிவிடவில்லை. அவன் மிதித்த வண்டி மூன்று கை மாறி வந்தது, செயின் நாளுக்கு இரண்டு தரம் கழன்றுவிடும். புது வண்டி என்றால் ஆசை இல்லாமலா? ஆனாலும் இருநூறு மைல் என்பது விளையாட்டில்லை. “ராத்திரியில ஓடணும்ல மொதலாளி, வெளக்கு நல்லதா வேணும். டயரு புதுசா மாட்டுங்க. பம்பு, ஒட்டுப்போடுற சாமான் எல்லாம் வண்டியிலயே இருக்கணும். மொதல்ல திண்டுக்கல் மட்டும் போயிட்டு வாரேன். அப்பறம் பேரு குடுக்குறதப் பத்திச் சொல்றேன்” என்றான். கேட்டதெல்லாம் வந்தது. அவன் பெண்சாதி செல்லக்கிளி பொரிகடலையும் வெல்லமும் இடித்து உருண்டை பிடித்து மடியில் கட்டிவிட்டாள்.

சோதனை ஓட்டத்தில் பேச்சிமுத்து, கைக்கடிகாரத்தோடு சிநேகிதர் ஒருவரின் மோட்டாரில் பின்னாலேயே வந்தார். திண்டுக்கல் போய்த் திரும்பி, மதுரைக் காளவாசலுக்கு வந்து நின்றபோது தவசிக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. பேச்சிமுத்து அவன் முதுகில் தட்டப் போய், என்ன நினைத்தாரோ, சைக்கிள் சீட்டில் தட்டினார்.

“நல்ல வேகம்டா. என்ன, நாலு ஊர்ல எறங்கித் தள்ளிக்கிட்டுப் போன. அதுலதான் நேரம் போச்சு.”

“எறங்குனேனா?”

“போகையில நாலு தரம், வரையில நாலு தரம். துண்ட வேற இடுப்புல கட்டிக்கிட்ட.”

தவசி குனிந்து பார்த்தான். துண்டு இடுப்பில்தான் இருந்தது.

விஷயம் இதுதான். தவசியின் குடியிருப்பு பரவைக்கு மேற்கே ஓர் ஊரைத் தாண்டி இருந்தது. சந்தைக்கு வரும் ரோடு அந்த ஊரின் நடுத்தெரு வழியாகத்தான் போகும். தவசியின் ஆட்கள் அந்தத் தெருவில் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது. ஊர் எல்லையில் இறங்கி, தோள் துண்டை இடுப்பில் கட்டி, கடைசி வீடு வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பத்து வருஷமாக அவனும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தான். அது அந்த ஊரோடு போகட்டும். சோதனை ஓட்டத்தில் இறங்கிய நாலு ஊரில் இரண்டில் அவன் அதற்கு முன் கால் வைத்ததே இல்லை. அவனை இன்னாரென்று அறிந்தவர் அங்கே ஒருவரும் கிடையாது. ஒருவரும் இறங்கு என்று சொல்லவுமில்லை. வீடுகளைக் கண்டதும் கால் தானாக இறங்கியிருக்கிறது.

பேச்சிமுத்துவுக்கோ பரம திருப்தி. “நானே எப்பிடிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். நீயே வெவரமா நடந்துக்கிட்ட. தள்ளுற நேரத்தக் கழிச்சுரச் சொல்லிப் பந்தயக் கமிட்டியில எழுதி வாங்கிர்றேன்” என்று சிரித்து, ரோட்டோரம் சிவப்பாகத் துப்பினார்.

தவசிக்குப் பேச்சிமுத்துவின் சிரிப்பு குமட்டியது. அதைவிட அதிகமாக அவனுடைய கால் அவனுக்குக் குமட்டியது. அடி பயந்து இறங்கினால் ஒரு நியாயம் உண்டு. அடிக்க ஆளே இல்லாத தெருவில் இறங்குகிற காலை என்ன சொல்வது? சீ என்று வந்தது.

மறுநாள் காலையில், இறங்குவதில்லை என்ற முடிவோடு, சந்தை வழியில் இருந்த அந்த ஊருக்குள் போனான். முதல் வீட்டுச் சுவர் தெரிந்ததும் கை பிரேக்கைப் பிடித்துவிட்டது, வலது கால் தரையில் நின்றது. அடுத்த நாளும் அதே கதை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து, அந்தக் காலையே வெறித்துக்கொண்டிருந்தான்.

செல்லக்கிளி கொஞ்ச நேரம் பார்த்தாள். “இங்கேருங்க, எறங்குற கால கட்டிப் போட்டா எப்பிடி எறங்கும்?” என்று உள்ளே போய், மாட்டுத் தோல் வாரில் இரண்டு துண்டு அறுத்து வந்தாள். காலை மிதிகட்டையோடு சேர்த்துக் கட்டுவது என்று ஆயிற்று.

சோதனைக்குத் தந்த புது வண்டியிலேயே தவசி கடைக்குப் போனான். “பேரு குடுக்குறேன் மொதலாளி. நேரக் கழிவு வேணாம். நான் எறங்க மாட்டேன்.”

பேச்சிமுத்துவின் முகம் மாறியது. “நாலு ஊர்க்காரனும் என்கிட்டதான்டா சாமான் வாங்குறான். கடைய மூடச் சொல்றியா?”

“அப்ப ஓட்டுற எல்லாரையும் அந்த ஊருகள்ல எறங்கித் தள்ளச் சொல்லுங்க. நானும் தள்ளுறேன்.”

“அவுக எதுக்கு எறங்கணும்?”

கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பொறுத்திருக்கலாம். அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார். தவசிக்கு அதற்கு மேல் அங்கே நிற்க அருவருப்பாக இருந்தது. புது வண்டியைச் சுவரில் சாய்த்தான், விளக்கைக் கழற்றிக் கல்லாப்பெட்டி மேல் வைத்தான்.

“என் பேர எழுத வேணாம்.”

மறுநாள் காலை தன் பழைய வண்டியில் ஏறி வீட்டுச் சுவரில் கையை ஊன்றி நின்றான். செல்லக்கிளி இரண்டு காலையும் இறுக்கிக் கட்டி, பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். முதல் வீட்டுச் சுவர் வந்தது. கை பிரேக்குக்குப் போகாமல் பிடியிலேயே இருக்கும்படி பல்லைக் கடித்துக்கொண்டான். “எவன்டா அது, எறங்குடா” என்று ஒரு குரல் கேட்டது. ஒரு கல் தலைக்கு மேலே பறந்து கூரையில் விழுந்தது. இறங்க நினைத்தாலும் முடியாது என்பது அந்தக் குரலுக்குத் தெரியவில்லை. துண்டு தோளிலேயே இருக்க, தவசி தெருவை ஏறியபடியே கடந்தான்.

பரவைச் சந்தையில், இவனைப்போலவே சுமை அடிக்கும் மலையாண்டி வண்டியைப் பிடித்து நிறுத்தி, குனிந்து வாரை அவிழ்த்தான். இடது கால் நன்றாக இருந்தது. வலது கணுக்காலைச் சுற்றித் தோல் வழன்று ரத்தம் கசிந்தது.

“எவன்ணே அடிச்சது?”

“யாரும் அடிக்கல. ஊருக்குள்ள வரையில அதுதான் எறங்கப் பாத்து இழுத்துருக்கு” என்றான் தவசி. காலை அருவருப்பாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாரை மலையாண்டியின் கையில் கொடுத்தான். “பொழுதுக்குத் திரும்பிப் போகணும்ல. அப்ப இன்னும் இறுக்கிக் கட்டி விடு.”